நூறு வரை எண்ணுங்கள்

டாக்டருடைய மகளின் ரத்தம் என் லேப் மேஜைக்கு வந்தது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் மகள் கால் வலி என்று அழுதாள். நானே அவள் ரத்தத்தை ஸ்லைடில் தடவி இதே டாக்டரிடம் நீட்டினேன். "லேப்காரம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் கேன்சர்தான்!" என்று ஸ்லைடைப் பார்க்காமலே சிரித்தார். எலும்பு மஜ்ஜையைச் சோதிக்காமலே ஸ்டீராய்டு கொடுத்தார். வலி போனது, நோய் பதுங்கிக்கொண்டது. அது மறுபடி தலைகாட்டியபோது காலம் கடந்திருந்தது. என் மகள் போய்ச் சேர்ந்தாள்.

இன்று மிஷின் 'நார்மல்' என்றது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். நூறு வெள்ளை அணுக்களில் நான்கு கெட்ட அணுக்கள், கேன்சரின் அடையாளம். மிஷினை நம்பிக் கையெழுத்துப் போட்டால் என்னை யார் கேட்பார்கள்?

கதவைத் தள்ளிக்கொண்டு அவரே வந்தார். "நார்மல்தானேம்மா? அவ கால் வலிக்குச் சாயங்காலமே ஸ்டீராய்டு ஆரம்பிச்சுடறேன்."

"உக்காருங்க சார். நீங்களே நூறு வரைக்கும் எண்ணுங்க."

டிராயரிலிருந்து ஒரு ஸ்லைடை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். அவர் முப்பது எண்ணுவதற்குள் இருபது கெட்ட அணுக்கள். அவர் முகம் வெளிறியது. "ஐயோ, என் பொண்ணுக்கா?"

"இல்ல சார், என் பொண்ணோடது. அன்னிக்கு நீங்க பார்க்காத ஸ்லைடு. உங்க பொண்ணுக்கு நாலுதான். கேன்சர் வார்டுக்கு ரிப்போர்ட் அனுப்பிட்டேன், மஜ்ஜை டெஸ்டுக்கு நாளைக்குக் காலைல வரச் சொல்றாங்க. ஸ்டீராய்டைத் தொடாதீங்க. அவ பொழைக்க வழியிருக்கு."

கைகூப்பினார். "என்னை மன்னிச்சிடும்மா."

"மாட்டேன். இன்னும் எழுபது பாக்கி. எண்ணுங்க."