இரண்டு விநாடி கூட்டிச் சொன்னவள்

1

இந்தக் கதை ஒரு பொய்யை ஒட்டுக்கேட்டதால் வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார் என்பதற்காக ஒரு கல்லூரி மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஓடுபாதை ஓரத்தில் கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப்வாட்சுமாக ஒரு பெண் நின்றிருந்தாள். மாணவி ஒருத்தி தன்னைக் கடந்து ஓடும்போது ஓர் எண்ணைக் கத்தினாள். அந்த நேரம் பார்த்து நான் அவள் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டேன். வாட்சில் இருந்தது வேறு எண். யாராவது பார்த்துவிட்டார்களா என்று அவள் திரும்பினாள். நான் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பல வருடம் கழித்து அவள் அதே ஓடுபாதையில் கால் வைத்தபோது, பழைய நினைவுகள்..." வேண்டாம். பழைய நினைவுகளைக் கூப்பிட்டால் கதை அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது: "வேலையில் சேர்ந்த அன்று கோச் நேராகப் போய்ப் பலகையைத்தான் பார்த்தாள்." இது தேறும். அவள் படித்த கல்லூரி, அவள் ஓடிய மைதானம். உடற்பயிற்சி அறைச் சுவரில் சாதனைப் பலகை. ஐயாயிரம் மீட்டர், பெண்கள் என்ற வரிக்கு நேரே அவள் பெயர் இன்னும் இருந்தது. பெயின்ட் கொஞ்சம் உரிந்திருந்தது. அறையில் ஆளில்லை என்று உறுதி செய்துகொண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

மகிழ்ந்தாள் என்று எழுதி அடித்தேன். தொட்ட விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். அந்தப் பெயரை அங்கிருந்து இறக்கத்தானே அவளை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள்?

3

இறக்கப்போகிறவள் ஒட்டடைக்குச்சி. மாணவிகள் வைத்த பெயர். ஆள் அவ்வளவு நெட்டை, அவ்வளவு ஒல்லி. அவளுக்கு இது இறுதியாண்டு. பலகையில் பெயர் ஏறினால் பயிற்சி முகாமில் இடம் கிடைக்கும். இல்லையென்றால் மாமாவின் மருந்துக்கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல். மாமா ஸ்டூலை வாங்கியே வைத்துவிட்டார்.

கையில் வாட்ச் இருந்தால் அதையே பார்த்துப் பார்த்து ஓட்டம் கெடும் என்று கோச் அவளுடையதைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அதற்கு எத்தனை விநாடி ஆனது என்று தானே கத்துவாள். கத்தும்போது இரண்டு விநாடி கூட்டிவிடுவாள். ஐயோ, பின்தங்கிவிட்டோமே என்று பெண் பதறி வேகமெடுப்பாள்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: எண் கூடினால் ஓட்டம் மெதுவென்று பொருள். என் தம்பிக்கே இதை இரண்டு தரம் விளக்க வேண்டியிருந்தது.]

"எவ்ளோ ஓடினாலும் எண்பது வரமாட்டேங்குதே மேடம்."

"வரும். நீ மூச்ச ஒழுங்கா விடு."

(இந்த இடத்தில் எனக்குக் கோச்சைப் பிடிக்கவில்லை. கேட்டால் அவள் நல்லதுக்குத்தான் என்பாள். கதை எழுதுகிறவர்களும் அப்படிச் சொல்லித்தான் பிழைக்கிறோம் என்பதால் மேலே எதுவும் கேட்கவில்லை.)

4

போட்டி நாள் காலை கோச்சின் அக்கா போன் செய்தாள். சிரித்துக்கொண்டே ஊசி ஏற்றுவதில் கைதேர்ந்தவள்.

"ஏன்டி, உன் ரெக்கார்டை உடைக்க நீயே ஆள் தயார் பண்றியாமே?"

"அதுக்குத்தான்க்கா சம்பளம்."

"சம்பளம் சரி. உள்ளுக்குள்ள உடையக் கூடாதுன்னுதான இருக்கும்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நேரமாகிறது என்று மட்டும் சொன்னாள். அந்தப் பலகையைத் தவிர அவள் பெயர் வேறெங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. குடியிருக்கும் வீட்டு வாசலில்கூட வீட்டுக்காரர் பெயர்தான். போனை வைத்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தாள்: இன்றைக்கு ஒரு விநாடி கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். வாட்சில் என்ன இருக்கிறதோ அது. நாளைக்கு யாரும் என்னைப் பார்த்து வாய் திறக்கக் கூடாது.

இது அவளுடைய நேர்மை. இது அவளுடைய பயம். [இரண்டில் ஒரு வாக்கியத்தை அடிக்க வேண்டும். எதை என்று தெரியவில்லை.]

5

ஒட்டடைக்குச்சி ஆரம்பத்திலேயே மற்றவர்களைப் பின்னால் விட்டுவிட்டாள். ஜெயிப்பதில் சந்தேகமே இல்லை. பலகையில் இருக்கும் நேரத்தை முந்துவாளா என்பதுதான் கேள்வி. சுற்றுக்கு எண்பது விநாடிக்குள் ஓடினால் முந்திவிடலாம்.

"எண்பது." கோச் கத்தினாள். உண்மை.

பெண்ணின் தோள்கள் தளர்ந்தன. அடுத்த சுற்று, "எண்பத்தொண்ணு." அதுவும் உண்மை. பதற வேண்டியவள் இன்னும் நிதானமானாள். "எண்பத்தி ரெண்டு." உதட்டோரம் ஒரு சிரிப்புகூடத் தெரிந்தது.

கோச் வாட்சை இன்னொரு தரம் பார்த்தாள். "என்ன ஆச்சு இவளுக்கு? வயிறு கியிறு வலிக்குதா?"

பக்கத்தில் நின்றவள் ஒட்டடைக்குச்சியின் அறைத்தோழி, குண்டு எறிகிற மாணவி. "அதெல்லாம் இல்ல மேடம். நீங்கதான் எப்பவும் ரெண்டு கூட்டிச் சொல்வீங்களே. அவ ரெண்டக் கழிச்சுக்குவா."

"அவளுக்குத் தெரியுமா?"

"போன மாசம் நாந்தான் சொன்னேன். சும்மா நிக்கிறப்ப என் வாட்ச்ல பார்த்தேன். கேட்டுட்டு அழுதா. அப்புறம், மேடம் நம்ம நல்லதுக்குத்தான் செய்வாங்கன்னு விட்டுட்டா." கொஞ்சம் யோசித்தாள். "இன்னைக்கும் கூட்டித்தான மேடம் சொல்றீங்க?"

கோச்சுக்கு அப்போதுதான் புரிந்தது. எண்பத்திரண்டு என்று தான் கத்தியது அந்தக் காதில் எண்பதாக விழுந்திருக்கிறது. எல்லாம் சரியாகப் போகிறது என்று நம்பி, அந்தப் பெண் பலகையை விட்டு விலகி ஓடிக்கொண்டிருக்கிறாள். இன்னும் சில சுற்றுகள் இருக்கின்றன. எட்டிப் பிடிக்கலாம், இப்போதே தெரிந்தால்.

6

முதல் முடிவு: கோச், "இன்னைக்கு நெஜத்தச் சொல்றேன், ஓடு" என்று அலறுகிறாள். அடித்துவிட்டேன். மூச்சு வாங்க ஓடுகிறவள் காதில் வாக்கியம் ஏறாது, எண் மட்டும்தான் ஏறும். தவிர, பொய் சொல்கிற எல்லாரும் கத்துவது அதுதானே.

இன்னொன்று: வாட்சில் இருப்பதையே கத்துகிறாள். குறை சொல்ல ஆளிருக்காது, அக்கா உட்பட. ஒட்டடைக்குச்சி சிரித்தபடி ஓடி முடித்து, கோப்பையை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் போய் உட்காருவாள்.

அல்லது: இரண்டு கூட்டுகிறாள். பொய்யைச் சொன்னால்தான் அந்தப் பெண்ணுக்கு உண்மை போய்ச் சேரும். தன் பெயரைத் தன் வாயாலேயே அழித்துவிட்டு நிற்பாள். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். பிடித்திருப்பதாலேயே இதை என் கையால் எழுதப் பயமாக இருக்கிறது. எழுதினால் அவளை நல்லவளாக்கியது நானென்று ஆகிவிடும். அவள் அந்த இடத்தில் என்ன செய்வாள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

நான் விலகிக்கொள்கிறேன். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். இந்தச் சுற்றுக்கும் வாட்சில் எண்பத்திரண்டு. உலகத்தில் உங்கள் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கிறது. யோசிக்க நேரமில்லை; ஒட்டடைக்குச்சி வளைவைத் தாண்டிவிட்டாள், உங்கள் பக்கம் காதைத் திருப்புகிறாள், நீங்கள் வாயைத் திறந்துவிட்டீர்கள்:

"எண்பத்தி