இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு சரவிளக்கு

கொக்கியிலிருந்து கழற்றிய பிறகும் நெரெய்தா வீட்டுச் சரவிளக்கு கீழே விழவில்லை. சியென்ஃபுவேகோஸ் நகரில், தொண்ணூற்றொன்றாம் ஆண்டு பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அது நடந்தது. ஏணியில் நின்ற எவெலியோ காலியான கொக்கியையும் அந்தரத்தில் நின்ற விளக்கையும் மாறி மாறிப் பார்த்தான். கீழே மெத்தையை விரித்துக் காத்திருந்த நெரெய்தாவும் பார்த்தாள். பிறகு அவன் இறங்கி வந்து காப்பி குடித்தான். அவள் மெத்தையைச் சுருட்டி உள்ளே கொண்டுபோனாள்.

இருவருக்கும் விவாகரத்தாகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் நாட்டில் அப்போது வீட்டை விற்க முடியாது, மாற்றிக்கொள்ளத்தான் முடியும். பெரிய வீட்டை எடுத்துக்கொண்டு இரண்டு சிறிய வீடுகளைத் தரும் ஆள் வரும்வரை, பிரிந்தவர்கள் ஒரே கூரையின் கீழ் காத்திருப்பார்கள். கூடத்தை இரண்டாக்கிச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு நேர் மேலே விளக்கு. ஆறு கிளைகளில் மூன்று அவளுடையவை, மூன்று அவனுடையவை. எவெலியோ குடிகாரன் அல்ல, கை நீட்டுகிறவனும் அல்ல. சொன்ன இடத்தில் இருக்கமாட்டான், அவ்வளவுதான். மருந்து வாங்கப் போனவனை மாலையில் மீன்பிடிப் படகில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். மாமியாரை அடக்கம் செய்த நேரத்தில் அவன் பேஸ்பால் பார்த்துக்கொண்டிருந்தான். இருபது ஆண்டுகள் அவனைத் தேடிச் சலித்த நெரெய்தாவுக்கு வேண்டியது ஒன்றுதான்: உள்ளிருந்து தாழ் போட்டுக்கொள்ள, தனக்கென்று ஒரு கதவு.

அந்தக் கதவைப் பல் மருத்துவர் பசுல்தோ வைத்திருந்தார். அவரிடம் இரண்டு சிறிய வீடுகள் இருந்தன; நவம்பரில் பதினைந்து வயதாகும் லிஸ்பெத் என்ற மகளும் இருந்தாள். பதினைந்தாம் பிறந்தநாள் நடனத்துக்குப் பெரிய கூடம் வேண்டும், அதில் விளக்கு எரிய வேண்டும் என்றார். களிம்பு ஏறிக் கறுத்துப்போன அந்த விளக்கைச் செப்பனிடத்தான் கழற்றினார்கள்.

வேலை ஆறு வாரம் நடந்தது. பிடித்து இழுத்தால் விளக்கு மார்பளவுக்கு இறங்கி வந்தது, விட்ட உயரத்தில் நின்றது. நெரெய்தா தன் பக்கத்துக் கண்ணாடித் துளிகளைக் காடி கலந்த நீரில் ஊறவைத்து, செய்தித்தாளால் துடைத்து, ஒவ்வொன்றாகப் பழைய துளையில் மாட்டினாள். பித்தளைக் கிளைகளை எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தாள். எவெலியோ பக்கத்தில் பதினொரு துளிகளைக் காணவில்லை. தூண்டிலுக்கு எடையாகக் கட்டி அவற்றை அவனே கடலில் விட்டிருந்தான். பியர் பாட்டில்களின் அடிப்பாகத்தை ஈரக்கல்லில் உரசிப் பச்சை வட்டங்களாக்கி அந்த இடங்களில் மாட்டினான். செத்துப்போன மின்விசிறியைப் பிரித்து அதன் செம்புக் கம்பியை ஆறு கிளைகளுக்குள்ளும் செலுத்தினான்.

"என் பக்கம் கண்ணாடி, உன் பக்கம் பாட்டில். வர்றவங்க சிரிக்கமாட்டாங்களா?"

"மகாராணி பக்கம் எது, மெக்கானிக் பக்கம் எதுன்னு கேக்காமலே தெரிஞ்சுக்குவாங்க."

"ஒரு மணி நேரம் ஒரே இடத்துல உக்காந்து வேலை செய்யுறியே, உடம்புக்கு ஏதும் ஆகிடப் போகுது."

கடைசிப் பச்சை வட்டத்தை மாட்டியதும், கூரை மின்கம்பியோடு இணைப்பதற்கு முன்பே, ஆறு பல்புகளும் எரிந்தன. தெருவில் அன்று மின்சாரம் இல்லை. அவன் வேலைக்குப் போன நாட்களில் விளக்கு நகர்ந்து ஜன்னல் கம்பியில் முட்டி நிற்கும். கடற்காற்று என்று நினைத்துக்கொண்டார்கள்.

காற்றல்ல என்பது வீடு மாறிய ஜூலையில் தெரிந்தது. நெரெய்தா தெற்கே கடலோரத்துக்கும் எவெலியோ வடக்கே மைதானத்தின் பக்கமும் போனார்கள். திறந்திருந்த கதவு வழியே விளக்கும் வெளியே வந்து, மூன்று தெரு தாண்டி, ரொட்டிக்கடைக்கு மேலே நின்றது. இருவரும் எங்கே இருந்தாலும் அது அவர்களுக்குச் சரி நடுவில் இருந்தது. அவள் சகோதரியைப் பார்க்கப் போனால் பாதித் தூரம் போகும். ரொட்டிக்கு நிற்கிறவர்கள் ஒரு வாரம் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு அதன் வெளிச்சத்தில் சீட்டு விளையாடினார்கள்.

பசுல்தோ நேராக நெரெய்தாவிடம் வந்தார். "விளக்கு இல்லாத கூடத்துக்கா ரெண்டு வீட்டைக் குடுத்தேன்? மாத்தினது ரத்துன்னு மனு எழுதி வச்சிருக்கேன்."

"கட்டி வச்சுப் பாத்தீங்களா, டாக்டர்?"

"கட்டினேன். கயிறோட ஜன்னலும் போச்சு."

நகர வரைபடத்தில் எவெலியோ நூலை இரண்டாக மடித்து அளந்தான். நெரெய்தா தன் வீட்டிலேயே இருக்க, அவன் ஆறு தெரு மேற்கே போய் உட்கார்ந்தால் விளக்கு பழைய கூடத்துக்கு வந்துவிடும். அந்த இடம் கல்லறைத் தோட்டம். நடன நாளில் ஐந்திலிருந்து ஏழு வரை அங்கே இருப்பதாகச் சொன்னான். நெரெய்தா அதை நம்பவில்லை. அன்று சாயங்காலமே துணிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

நவம்பர் பதினாறாம் தேதி ஊரில் மின்சாரம் இல்லை. நெரெய்தா மூன்றாம் மாடி ஜன்னலருகே நாற்காலி போட்டு, பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்தேகாலுக்கு விளக்கு ரொட்டிக்கடையை விட்டுக் கிளம்பியது. கூரைகளுக்கு மேலே மெல்லப் போய், பழைய வீட்டு வாசலில் குனிந்து நுழைந்தது, ஜன்னல்கள் மஞ்சளாயின. ஐந்தரைக்கு மழை பிடித்தது. மழைக்கு ஒதுங்காத எவெலியோவை அவள் பார்த்ததே இல்லை. அவளால் எழுந்து போய்ப் பார்க்க முடியாது. எழுந்தால் விளக்கு நகரும். அந்த ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை வெளிச்சம் ஒரு சாண் வடக்கே சாய்ந்தது. அவள் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். வெளிச்சம் திரும்பி வந்தது. ஏழு மணிவரை அசையவில்லை. ஏழே காலிலும் அசையவில்லை.

மறுநாள் காலை பசுல்தோ ஒரு துண்டு கேக்கும், நான்காகக் கிழித்த மனுவும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ரொட்டி வரிசையில் எவெலியோ மூக்கைச் சிந்திக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"நடுவுல எந்திரிச்சியே."

"கால் மரத்துப்போச்சும்மா. ஒரு எட்டு வச்சேன், உடனே உக்காந்துட்டேன். நீதான் பாத்துட்டு இருப்பியே."

"ஏழுக்கு மேலயும் ஏன் உக்காந்திருந்த?"

"மணி பாக்க என்கிட்ட எங்க கடிகாரம் இருக்கு? டான்ஸ் பாட்டு நிக்கட்டும்னு இருந்தேன்."

"நகருங்க ரெண்டு பேரும். கண்ணு கூசுது," என்றாள் பின்னால் நின்றவள், அவர்கள் தலைக்கு நேர் மேலே நின்ற விளக்கைக் காட்டி.

நெரெய்தா தன் ரொட்டியைப் பிட்டுப் பாதியை அவனிடம் கொடுத்தாள். பிறகு அவள் தெற்கே போனாள், அவன் வடக்கே போனான். வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டு, பெட்டியிலிருந்த துணிகளை அலமாரியில் அடுக்கினாள். அந்த நேரத்தில் வழக்கமாக ரொட்டிக்கடைக்கு மேலே நிற்கும் விளக்கு ஒரு தெரு தெற்கே தள்ளித்தான் நின்றிருந்தது. எவெலியோ இன்னும் வீடு சேரவில்லை, வழியில் யாரிடமோ நின்று பேசிக்கொண்டிருக்கிறான் போல என்று வரிசையில் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்கள்.