விளக்கெண்ணெயை நிறுத்தச் சொன்னது யார்?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது அல்ல. பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் ஜெமீலாவுடையது. அவளும் எழுதுகிறவள், நானும் எழுதுகிறவன். அவள் எழுதுவதை மற்றவர்கள் வாசிக்கிறார்கள் என்பது மட்டும்தான் எங்களுக்குள் வித்தியாசம். போன மாதம் பதுளை பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கடலை கொறித்துக்கொண்டே இதைச் சொன்னாள்.

"எழுதணும்னு இருக்கேன், முத்தையா அண்ணே. அவசரமில்ல, மனசுல கொஞ்சம் ஊறட்டும்" என்றாள்.

ஊறட்டுமாம். எவ்வளவு நிம்மதி பாருங்கள். எனக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கே வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "1913ஆம் ஆண்டு. மடுல்சீமை மலையில் பனி ஒரு வெள்ளை—"

வேண்டாம். மலைநாட்டுக் கதை என்றால் பனியில்தான் தொடங்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்?

இரண்டாவது முயற்சி: "கணபதி மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் டிஸ்பென்சர். மருந்து கலந்து கொடுக்கப் படித்தவர். பதுளைக் கடைவீதியில் வியாபாரம் செய்த குடும்பத்துப் பிள்ளை. வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். தோட்டத்துப் பெரிய தொரை அவரிடம் ஒரு வேலை கொடுத்திருந்தார். இங்கே வைத்திய வசதியை எப்படித் திருத்தலாம் என்று ஒரு திட்டம் எழுத வேண்டும். வியாழக்கிழமை பதுளையிலிருந்து டாக்டர் வந்து அதைப் பார்ப்பார்."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

கணபதி பதினொரு பக்கம் எழுதினார். செங்கல் கட்டடம், பெரிய ஜன்னல்கள், கண்ணாடிக் கதவு போட்ட மருந்து அலமாரி. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி: படிக்காத மருத்துவச்சிகள் பிரசவம் பார்ப்பதைத் தோட்டம் தடை செய்ய வேண்டும்.

(மருத்துவச்சிகள் என்று பன்மையில் எழுதினார். அந்தத் தோட்டத்தில் இருந்தது ஒரே ஒருத்தி.)

அவள் பெயர் மீனாம்பாள். ஜெமீலா பெயர் சொல்லவில்லை, நானே வைத்தேன். இந்தக் கதையில் எனக்குச் சொந்தமானது இந்தப் பெயர் ஒன்றுதான். மேல் லயத்தில், அதாவது தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், கடைசிக் காம்பரா என்கிற ஒற்றை அறையில் இருந்தாள். கொழுந்து நிறுத்துக் கொடுத்த பிறகு, சாயங்காலங்களில் அவள் வாசலில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். காய்ச்சல்காரர்கள், வயிற்றுப்போக்குக்காரர்கள், அட்டை கடித்துச் சீழ் வைத்த கால்கள், பிள்ளைத்தாய்ச்சிகள். கணபதி தன் மருந்தறையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பொறாமை. இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவன், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் வாசலில் எத்தனை பேர் என்று ஜன்னலோரம் நின்று எண்ணுகிறான் என்றால் அது வேறென்ன?

(அவர் அவன் ஆகிவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். இந்த இடத்தில் அவன் எனக்கு நெருங்கிய சொந்தக்காரன் ஆகிவிட்டான். இனி அப்படியே இருக்கட்டும்.)

4

ஒரு சாயங்காலம் பொறுக்க முடியாமல் அவள் வாசலுக்கே போய்விட்டான்.

"என்கிட்ட ஏன் யாரும் வர்றதில்ல? நீ என்ன சொல்லி வச்சிருக்க?"

மீனாம்பாள் ஒரு பிள்ளையின் காலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நான் என்னாங்கய்யா சொல்லப்போறேன். பெரட்டுல சொகமில்லன்னு சொன்னா, எல்லாரு முன்னாலயும் வாயத் தொறக்கச் சொல்லி வெளக்கெண்ண ஊத்துறீங்க. காச்சலுக்கும் அதேதான், கால்வலிக்கும் அதேதான். புள்ளத்தாச்சி எப்புடிங்க வருவா? அத நிறுத்துங்க. வருவாங்க."

[தெரியாதவர்களுக்காக: பெரட்டு என்பது விடிகாலையில் ஆட்களை நிறுத்தி வேலைக்குப் பிரிக்கும் இடம். சுகமில்லை என்கிறவன் வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறானா என்று பார்க்க எண்ணெய் ஊற்றுவது அந்தத் தோட்டத்து வழக்கம். கணபதி தொடங்கியதல்ல. ஆனால் மூன்று வருடமாகக் கரண்டியைப் பிடித்தது அவன் கை. அந்தக் கரண்டிக்குப் பயந்து யாரும் வராமல் இருந்ததை, "தோட்டத்தில் நோய் குறைவு" என்று திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தான்.]

அவன் எழுதியது பதினொரு பக்கம். அவள் கடைசியில் சொன்னது மூன்று சொல். அதைச் சொல்லிவிட்டோம் என்ற எண்ணம்கூட இல்லாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஜெமீலா பஸ்ஸில் அதைச் சொன்னபோது எனக்கும் இப்படித்தான் இருந்தது. வாய் நிறையக் கடலையோடு சொன்னாள். நான் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாலும் வராத வசனம் அது.

5

மறுநாள் கணபதி பன்னிரண்டாம் பக்கம் எழுதினான். பெரட்டில் எண்ணெய் ஊற்றுவதை நிறுத்த வேண்டும், நோயாளிகளை வேலை முடிந்த பிறகு மறைவான அறையில் பார்க்க வேண்டும். "எனது மூன்று வருட அனுபவத்தில் நான் கண்டறிந்தது" என்று தொடங்கினான். ஒன்பதாம் பக்கத்து வரியை அடிக்கவில்லை.

(இங்கே அவன் மனசாட்சி அவனை எப்படி வாட்டியது என்று ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். அவனை நல்லவனாகக் காட்டப் பார்த்தேன். அது அவனுக்காக அல்ல.)

வியாழக்கிழமை டாக்டர் குதிரையில் மருந்தறை வாசலில் வந்து இறங்கினார். கட்டடம், ஜன்னல் எல்லாவற்றையும் வேகமாகப் புரட்டினார். பன்னிரண்டாம் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"கட்டடம் எல்லாத் தோட்டத்திலும் கேட்கிறார்கள். இதுதான் புதிது" என்றார். "ஆனால் கரண்டி பிடிக்கிறவனுக்குத் தோன்றுகிற யோசனை இல்லையே இது. யார் சொன்னது? ஆஸ்பத்திரியில் பிரசவ வேலை பழக்க ஒரு இடம் இருக்கிறது. சொன்னது நீங்கள் எழுதிய மருத்துவச்சிகளில் ஒருத்தி என்றால் அந்தப் பெயரை எழுதிக்கொள்கிறேன். இல்லையென்றால் நீங்கள் எழுதியபடியே இன்றிலிருந்து அவர்களுக்குத் தடை."

பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. வெளியே படிக்குக் கீழே மீனாம்பாள் நின்றிருந்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கீழ் லயத்துப் பாக்கியலெட்சுமிக்கு இடுப்பு வலி எடுத்திருந்தது. வெந்நீர் வைக்க மருந்தறையிலிருந்த பெரிய அண்டாவை இரவல் கேட்க வந்தவள், உள்ளே டாக்டர் பேசுவதைக் கண்டு காத்து நின்றாள்.

6

முடிவு, ஒன்று. "நான்தான் சேர்" என்கிறான் கணபதி. பிறகு வெளியே வந்து, அண்டா இல்லை, நீ இனிமேல் பிரசவம் பார்க்கக் கூடாது, போ என்று சொல்கிறான். பதுளையிலிருந்து தாதி வரும் வரைக்கும் பாக்கியலெட்சுமி—

முடிவு, இரண்டு. அவன் வாசலைக் காட்டி, அவள்தான் சேர் என்கிறான். மீனாம்பாள் பதுளைக்குப் போய்ப் பழகித் திரும்பி வருகிறாள். அவள் வாசலில் வரிசை இரண்டு மடங்காகிறது. கணபதி ஜன்னலோரம் நின்று அதையும் எண்ணுகிறான். நல்ல காரியம் செய்தால் பொறாமை அடங்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஜெமீலா என்ன முடிவு வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. பஸ் பதுளைக்கு வந்துவிட்டது. "மிச்சத்த எழுதிட்டுக் காட்டுறேன்" என்று இறங்கிப் போய்விட்டாள்.

நேற்று போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்த வெளக்கெண்ணக் கதைய எழுதத் தொடங்கிட்டேன். நீங்க இப்ப என்ன எழுதுறீங்க?"

"ஒன்னுமில்ல" என்றேன்.

7

இதைப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். தலைப்பின் கீழே பெயருக்கு விட்ட இடம் இன்னும் காலியாக இருக்கிறது. மேலே போய் ஒருமுறை பாருங்கள். அங்கே முத்தையா என்று இருந்தால், கணபதி "நான்தான் சேர்" என்று சொல்லிவிட்டான். ஜெமீலா என்று இருந்தால், வாசலைக் காட்டிவிட்டான்.

ஒரு பெயரும் இல்லையென்றால், டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், மீனாம்பாள் இன்னும் படிக்குக் கீழே நிற்கிறாள், பாக்கியலெட்சுமிக்கு வலி கூடிக்கொண்டிருக்கிறது.