முதல் வரிசை நாற்காலி

மகளிர் நல விழிப்புணர்வு முகாம் காலை பத்து மணிக்குத் தொடங்கும் என்று நோட்டீசில் போட்டிருந்தது. பதினொன்றே முக்காலுக்கு, உப்பளத்தை ஒட்டிய பந்தலில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். கடல் காற்று அதை ஐந்து முறை அணைத்தது. ஐந்து முறையும் உப்பு உற்பத்தியாளர் சங்கத் தலைவர் குழந்தைசாமியே ஏற்றினார். போட்டோகிராபரும் சலிக்காமல் ஐந்து முறை எடுத்தார்.

செந்தமிழ் முதல் வரிசையில் இருந்தாள். அவளாக உட்காரவில்லை, உட்கார வைத்திருந்தார்கள். பதினெட்டு வருஷமாக உப்பளத்தில் தலைச்சுமை தூக்குகிறவள், நாற்பத்தொரு வயது, முகத்தைப் பார்த்தாலே பாவமாக இருக்கிறது என்று சங்கச் செயலாளர் ஐயப்பன் அவளை முகாமின் 'முதல் பயனாளி'யாகத் தேர்ந்தெடுத்திருந்தார். மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பொட்டலம் கொடுப்பார்களாம்.

நாற்காலி கல்யாண மண்டபத்திலிருந்து வந்தது. பளபளவென்று வெள்ளை உறை, முதுகில் சிவப்பு ரிப்பன். அந்த வெள்ளைதான் அவளைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது. இன்று மூன்றாம் நாள். இரண்டு நாப்கின், அதற்கு மேல் பழைய வேட்டித் துணி. அத்தனையும் போதவில்லை என்பது அரைமணிக்கு முன்பே தெரிந்துவிட்டது. அடிவயிற்றை யாரோ உள்ளே கைவிட்டுப் பிழிவது போல வலி. உப்பளத்தில் என்றால் முழங்கால் வரை சேறு, கறையை யார் பார்க்கப்போகிறார்கள்?

எழுந்து போய்விடலாம். ஆனால் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. பைக்குள் ஸ்கேன் ரிப்போர்ட், அதில் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு வார்த்தை. போன வாரம் ஒரு கிளினிக்கில் அதைப் பார்த்தவர், அவளைப் பார்க்காமலே, "கர்ப்பப்பைய எடுத்துடலாம், திங்கக்கிழமை வந்துடுங்க" என்றார். கேன்சரா, எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்று வெள்ளிக்கிழமை. மேடையில் உட்கார்ந்திருக்கும் அரசு ஆஸ்பத்திரி டாக்டர் நிவேதாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும். டாக்டர் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார் என்று மைக்கில் மூன்று முறை அறிவித்தார்கள். அந்த அறிவிப்புக்கே பத்து நிமிஷம் போனது.

தலைவர் பேசிக்கொண்டிருந்தார். கர்ப்பப்பை நலம் பற்றிய முகாமில், அந்த வார்த்தையைத் தொடாமல் முக்கால் மணி நேரம் பேசுவது லேசான வித்தை இல்லை.

"பெண்களுக்கே உரிய அந்த... அந்த இடம் இருக்கிறதே, அது தாய்மையின் கோயில்! அந்தக் கோயிலைக் காக்கவே இந்தச் சங்கம்! உப்பளத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டுவது பற்றி, வருகிற காலங்களில் பரிசீலிப்பது பற்றி, ஒரு குழு அமைக்கலாம் என்பது என் நீண்டநாள் கனவு!"

மேடையில் இருந்த ஒன்பது பேரும் கைதட்டினார்கள்.

பக்கத்தில் இருந்த முத்தம்மாள் குனிந்தாள். உப்பளத்தில் செந்தமிழோடு ஒரே வரிசையில் சுமை தூக்குகிறவள். "இன்னாடி, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்குது?"

"ஆயிடுச்சுக்கா."

"இன்னா ஆயிடுச்சு?"

"உக்காந்த எடத்துல."

முத்தம்மாள் கண்ணை மட்டும் கீழே இறக்கிப் பார்த்தாள். "அடிப்பாவி. எழுந்துக்காத. ஆம்பளைங்க அத்தினி பேரும் இங்கதான் பாக்குறானுங்க."

"டாக்டரம்மா போயிடுவாங்கக்கா."

"இவன் முடிச்சாத்தானே அவங்க போவ முடியும்? கோயிலுக்கு இன்னும் கும்பாபிஷேகமே ஆகல."

செந்தமிழுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் இன்னும் கொஞ்சம் இறங்கியது. சிரிப்பை அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

மணி பன்னிரண்டு ஐம்பது. வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். டாக்டர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அப்போதுதான் ஐயப்பன் மைக்கைப் பிடித்து, "முதல் பயனாளி செந்தமிழ் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்!" என்றார்.

செந்தமிழ் அசையவில்லை.

"கிராமத்துப் பெண் அல்லவா, வெட்கப்படுகிறார்," என்று ஐயப்பன் விளக்கம் கொடுத்தார். மறுபடியும் ஹாரன். டாக்டர் எழுந்து நின்றார்.

திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள். செந்தமிழ் முத்தம்மாளின் கையை இழுத்தாள். "பின்னாடி வந்து நில்லுக்கா."

முத்தம்மாள் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாள். செந்தமிழ் எழுந்தாள், திரும்பினாள், நாற்காலி உறையை இரண்டே இழுப்பில் உருவினாள். கறை உள்பக்கம் போகும்படி இடுப்பைச் சுற்றி, அந்தச் சிவப்பு ரிப்பனாலேயே முடிச்சுப் போட்டாள்.

"ஏம்மா, அது மண்டபத்து உறை!" மைக்கிலேயே கத்தினார் ஐயப்பன்.

"தொவைச்சுக் குடுத்துடுவா, நீ கம்முனு இருய்யா," என்றாள் முத்தம்மாள்.

செந்தமிழ் மேடை ஏறினாள். தலைவர் கேமராவுக்குத் திரும்பிப் பொட்டலத்தை நீட்டினார். உள்ளே நாப்கின், அதற்கு வெளியே நியூஸ்பேப்பர், அதற்கும் வெளியே கறுப்பு கவர், கவரின் மேல் தலைவரின் படம். செந்தமிழ் இடது கையால் அதை வாங்கிக்கொண்டு, வலது கையால் ரிப்போர்ட்டை டாக்டரிடம் நீட்டினாள். மைக் இருவருக்கும் நடுவில் இருந்தது.

"டாக்டரம்மா, கர்ப்பப்பைய எடுத்தே ஆகணுமா? கேன்சரா?"

நான்கு ஒலிபெருக்கிகளும் அதை உப்பளத்தின் கடைசிப் பாத்தி வரைக்கும் கொண்டுபோயின. தலைவருக்கு இருமல் வந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்தார். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். மைக்கைத் தள்ளி வைத்தார். "கேன்சர்னு இதுல எங்கயும் இல்லம்மா. இதுக்குப் பேரு அடினோமயோசிஸ். கர்ப்பப்பைக்கு உள்பக்கம் மெத்தை மாதிரி ஒண்ணு வளரும், மாசாமாசம் அதுதான் வெளிய வருது. உங்களுக்கு அது சுவத்துக்குள்ளயும் போயி வளந்திருக்குது. அதான் பை வீங்கி, வலியும் ரத்தப்போக்கும் இப்படி இருக்குது."

"பாத்தி மேல பூக்கவேண்டிய உப்பு தரைக்குள்ள எறங்கிட்ட மாதிரி," என்றாள் பின்னாலேயே வந்துவிட்ட முத்தம்மாள்.

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"அப்ப எடுக்க வேணாமா?" என்றாள் செந்தமிழ்.

"எடுத்தா முழுசா தீரும். ஆனா அது கடைசி வழி. போக்கைக் குறைக்க மாத்திரை இருக்குது. உள்ள வெக்கிற சின்னக் கருவி இருக்குது, அதுவே கொஞ்சம் கொஞ்சமா மருந்து விடும், சில வருஷம் தாங்கும். யாருக்கு எது சரிப்படும்னு பரிசோதிச்சாத்தான் தெரியும். மாதவிலக்கு நின்னா பெரும்பாலும் தானா அடங்கிடும்." டாக்டர் அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். முகம் மாறியது. "தலை சுத்துதா?"

"சுமை தூக்கும்போது."

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கும்போல. எனக்கு இப்ப பயம் அதுதான். நாளைக்குக் காலைல ஜி.எச்.சுக்கு வந்துடுங்க. தள்ளிப்போடாதீங்க."

தலைவர் குறுக்கே வந்தார். "டாக்டர், எடுக்கறதா இருந்தா ஐப்பசியில வெச்சுக்கச் சொல்லுங்க. மழைக்கு அளம் மூடிடும். இப்ப சீசன் பாருங்க."

செந்தமிழ் அவரைப் பார்த்தாள். கிளினிக்குக்குத் திங்கட்கிழமை, சங்கத்துக்கு ஐப்பசி. அவள் கர்ப்பப்பைக்கு ஆளாளுக்கு ஒரு தேதி வைத்திருந்தார்கள்.

"உங்களுக்கு இன்னா தோணுதும்மா?" என்று கேட்டார் டாக்டர்.

அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "திங்கக்கிழமை அங்க போமாட்டேன்," என்றாள் கடைசியில். "நாளைக்கு உங்ககிட்ட வர்றேன். அப்புறம் சொல்றேன்."

கீழே இரண்டாம் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். அவள் கையிலும் ஒரு பிளாஸ்டிக் பை. அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். டாக்டர் டிரைவரைப் பார்த்துக் கையை அசைத்தார், ஹாரன் நின்றது. ஐயப்பன் நன்றியுரைத் தாளைச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார்.

செந்தமிழ் படியிறங்கினாள். வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை. ரத்தம் ரொம்பக் கம்மி என்றால் எவ்வளவு கம்மி என்று கேட்க மறந்துவிட்டோமே என்று புதிதாக ஒரு பயம் சேர்ந்துகொண்டது. உறையின் முடிச்சை இறுக்கிப் பிடித்தபடி நடந்தாள்.

"இந்தக் கறை போவுமாக்கா?"

"உப்புத் தண்ணில ராத்திரி முச்சூடும் ஊறப்போடு. போயிடும். தண்ணிக்கா நமக்குப் பஞ்சம்?"

"காலைல ஏழு மணி பஸ்ஸு. நீ வர்றியா?"

"வராம?" என்றாள் முத்தம்மாள். "ஒனக்கு ரத்தம் கம்மின்னா, எனக்கு மட்டும் இன்னா வழிஞ்சா ஊத்துது?"