கழுவிய கால்

வேப்பம்பட்டில் தண்டவாளத்தைத் தாண்டும்போது ரயில் அடித்து, பார்வதத்துக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. உயிர் பிழைத்ததே பெரிது என்று ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். செயற்கைக் கால் என்று ஒன்று உண்டு என்று சொல்ல அங்கே ஒரு நாதியில்லை. அவளாகக் கேள்விப்பட்டு மெட்ராஸுக்குப் போனால், அளவெடுக்க ஒரு நாள் வா, போட்டுப் பார்க்க ஒரு நாள் வா என்றார்கள். ஒற்றைக் காலோடு ரயிலேறி இறங்குகிற அவஸ்தை அவர்களுக்கென்ன தெரியும்! அலைந்து பார்த்து விட்டுவிட்டாள். நாலு வருஷம் கழித்து, பூந்தமல்லியில் நடந்த இலவச முகாமில்தான் கால் கிடைத்தது.

கிடைத்த காலின் நுனியில் பூட்ஸ். கழற்ற முடியாத ஆம்பிளை பூட்ஸ். பூட்ஸோடு வீட்டுக்குள் நடமாடுகிற தேசத்தைப் பார்த்து எவனோ செய்திருக்கிறான். தெருவில் பார்வதம் ஜோராக நடந்தாள். வாசலுக்கு வந்ததும், மற்றவர்கள் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, காலையே கழற்றி வைத்துவிட்டுத் தவழ்ந்து உள்ளே போனாள். சாமி படம் இருக்கிற வீட்டில் பூட்ஸோடு நடப்பதாவது! கணவன் வீராசாமி தலைகீழாக நின்றும் அவள் கேட்கவில்லை. பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை.

இதற்கிடையில் மகள் சுசீலாவுக்கு ஏழு மாதம். தலைப்பிரசவம், தாய் வீட்டுக்கு வர வேண்டியவள். அவளையும் கூட்டிக்கொண்டு ஆவடியிலிருந்து சம்பந்தி வேம்புலியம்மாள் நேரிலேயே வந்துவிட்டாள். பார்வதம் தெருமுனை வரை போய் அழைத்துவந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி" என்றாள் வேம்புலியம்மாள், வாசலில் செருப்பைக் கழற்றியபடி. "ஊட்டுக்குள்ள நீங்களே தவழ்ந்துகினு கீறீங்களாம். புள்ளத்தாச்சிய யாரு பாக்கறது? எங்க ஊட்டுலயே இருக்கட்டும்."

நியாயமான பேச்சுதான். அதனாலேயே பார்வதத்துக்கு நெஞ்சு எரிந்தது. சுசீலா அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பார்வதத்தின் கை வழக்கம்போல் காலின் வாரை அவிழ்க்கப் போனது. அவிழ்த்தால் மகள் இன்றைக்கே திரும்பிவிடுவாள். கையை எடுத்தாள். வாசல் அண்டாவில் ஒரு சொம்பு மொண்டு இடது காலில் ஊற்றினாள். இன்னொரு சொம்பை பூட்ஸின்மேல் ஊற்றி, சுவரைப் பிடித்துக் குனிந்து, ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்துக் கழுவினாள். அந்தக் காலைப் படி தாண்டி உள்ளே வைத்தாள்.

"இன்னா சம்பந்தி இது! சாமி படம் கீற ஊட்டுல பூட்ஸோட..."

"பூட்ஸ் இல்ல சம்பந்தி, என் காலு. கழுவிட்டுத்தான் வந்துகீறேன்."

நேரே அடுப்படிக்கு நடந்தாள். நாலு வருஷத்துக்கும் மேலாகத் தரையில் கிடந்த ஸ்டவ்வைத் தூக்கி மேடைமேல் வைத்தாள்.

"ஏன்டி சுசீலா, அங்கயே நிக்கற? உள்ள வந்து உக்காரு, காபி போடறேன்."