செருப்பு விளைந்த பாத்தி

இந்த வருஷமும் நான் மிதித்தால் உப்பு விளையாது, செருப்புதான் விளையும் என்று சூர்யகலா நினைத்துக்கொண்டாள். மரக்காணம் உப்பளத்தில் இது நாலாவது தை. பாத்தியின் களிமண் தரை இறுகும்படி பெண்கள் வெறுங்காலால் மிதித்துக் கொடுத்த பிறகுதான் உப்புத்தண்ணீர் பாய்ச்சுவார்கள். மற்றவர்கள் மிதித்ததில் தண்ணீர் வற்றியதும் உப்பு படிந்தது. இவள் மிதித்ததில், எழுபது வருஷத்துக்கு முன் வெள்ளைக்காரப் பெண்கள் போட்ட செருப்புகள் படிந்தன. கூர்மூக்கு, ஒல்லியான உயரக் குதி. கூடவே கைப்பைகள். உள்ளே பவுடர் வாசனைகூட இருந்தது. முதல் வருஷம் பார்க்கக் கூட்டம் வந்தது. மறுவருஷம், செருப்புத் தோல் கீறாமலிருக்க, உப்பு வாரும் பலகையில் துணி சுற்றிக்கொண்டார்கள்.

மிதிக்கும்போது மனசில் ஆசை எதையும் வைக்கக்கூடாது என்பது அங்கே வழக்கம். அதற்காகவே பெண்கள் ஊர்வம்பு பேசிக்கொண்டு மிதிப்பார்கள். அந்த முதல் தையில் சூர்யகலா வாய் திறக்காமல் மிதித்துவிட்டாள். முந்தின வாரம் குயிலாப்பாளையத்தில், பழைய வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடையில், ஒரு பச்சைச் செருப்பு ஜோடியைக் கையில் எடுத்திருந்தாள். உப்பு அரித்து வெடித்த அவள் காலைப் பார்த்த கடைக்காரப் பெண், “போட்டெல்லாம் பாக்காதீங்க, கறையாயிடும்” என்று பிடுங்கி மேல்தட்டில் வைத்துவிட்டாள்.

விளைந்தவை எல்லாம் அவள் அளவு. ஒதுங்கிய சுண்டுவிரலுக்குக்கூட இடம் இருந்தது. ஆனால் பாத்தியில் விளைவது குத்தகைக்காரர் முருகையனுக்குச் சொந்தம். அவர் சாக்கில் கட்டி அதே கடைக்கு அனுப்பினார். வாங்கியவர்களின் கால்களை அவை கடித்தன, கிராக்கி மட்டும் குறையவில்லை. தன் ஆசையை இன்னொருவர் சாக்கில் கட்டுவதைப் பார்த்து நிற்பது எப்படி எரிகிறது என்று அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து ஓயாமல் வம்பு பேசிப் பார்த்தாள். கைப்பையின் கொக்கி இன்னும் நேர்த்தியாக வந்ததுதான் மிச்சம்.

“ஏண்டி, ஒரு ஃப்ரிட்ஜ நெனச்சிருந்தா எங்களுக்கும் ஐஸ் தண்ணி கெடச்சிருக்கும்ல?” என்று கூட மிதிக்கும் லூர்துமேரி சீண்டினாள்.

முருகையன் வரப்பில் வந்து நின்றார். “சூர்யகலா, இந்த வாட்டி எல்லா பாத்தியும் நீயே மிதிச்சிரும்மா. மத்தவங்க வரப்புக்கு மண்ணு சொமக்கட்டும். நீ பேசாம, நல்லா நெனச்சிக்கினே மிதி.”

மிதிப்பதற்காக இடுப்பில் தூக்கிச் செருகியிருந்த சேலையை அவள் இறக்கிவிட்டாள்.

“நான் மிதிக்கலீங்க. மண்ணு சொமக்கப் போறேன்.”

“கூலி கொறச்சலாச்சே.”

“தெரியுங்க” என்றாள். முதல் கூடையைத் தூக்கிவிடச் சொல்லி லூர்துமேரியைக் கூப்பிட்டாள்.