சாப்பல் சந்தில் ஒன்றரை மணி

ரேவன்ஷா ஊர்க்காரர்கள் விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொண்டாலும் கம்பத்திடம் ஒரு ஸாரி சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். ஸாரி என்று யாராவது சொன்னால் அடுத்தவர் வாயிலிருந்து பரவாயில்லை என்பது தானாக வந்து விழும். அதற்கு யோசிக்கவே தேவையில்லை. டேரன் ஓர்மராட் அந்த ஊரில் பிறந்து அங்கேயே நாற்பத்து நான்கு வயதைத் தொட்டவன்.

ஊரின் கடைவீதியான ஹை ஸ்ட்ரீட்டில் மூடிக்கிடந்த பழைய துணிக்கடையை இடித்து வீடுகளாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. எந்த லாரி எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வரலாம், எங்கே நிற்கலாம், எப்படித் திரும்பிப் போகலாம் என்று திட்டம் போடுவது டேரனின் வேலை. பஸ், சைக்கிள், தள்ளுவண்டிக் குழந்தை, நாய் பிடித்து நடப்பவர் என்று எப்போதும் நெருக்கியடிக்கும் வீதி அது. திட்டம் எழுதுமுன் மூன்று வெவ்வேறு கிழமைகளில் அங்கே நடந்து பார்க்க வேண்டும் என்பது விதி. படிவத்தில் அதற்கென்றே மூன்று கட்டங்கள் இருந்தன.

மூன்றிலும் டேரன் டிக் போட்டான். போட்டது சமையலறை மேசையில், காலில் வீட்டுச் செருப்போடு, ரொட்டியைக் கடித்தபடி. கம்ப்யூட்டரில் வீதியின் படம் பளிச்சென்று தெரிந்தது. பள்ளி தெரிந்தது, பஸ் நிறுத்தம் தெரிந்தது. பிறந்த ஊர்தானே, தனியாக வேறு நடந்து பார்க்க வேண்டுமா என்ற மிதப்பும் கூடவே இருந்தது. மதியம் ஒன்று முதல் இரண்டு வரை ஆள் நடமாட்டம் குறைவு, லாரிகள் கடையை ஒட்டிய சாப்பல் சந்துக்குள் பின்னோக்கி வரலாம் என்று எழுதினான். நகராட்சியில் அந்தத் திட்டத்தைப் பாராட்டினார்கள் என்பதுதான் வேடிக்கை.

சந்தில் மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தின் பக்கவாசல் இருக்கிறது. செவ்வாய்தோறும் ஊர்ப் பெரியவர்கள் முப்பது பேர் அங்கே கூடி உருளைக்கிழங்கும் கறியும் சாப்பிட்டுவிட்டு, சரியாக ஒன்றரை மணிக்கு வெளியே வருவார்கள். படத்தில் அது மூடிய கதவு, அவ்வளவுதான்.

லாரிக்குக் கைகாட்டும் மாண்டி ஹோல்ராய்டுக்கு அது முதல் வாரமே தெரிந்துவிட்டது. வேலைத்தளத்தில் எல்லோரையும் கலாய்ப்பவள், ஆனால் லாரி அசைந்தால் அவள் கண் வேறெங்கும் போகாது. செவ்வாய் ஒன்றரைக்கு லாரியே வேண்டாம் என்று டேரனுக்குச் செய்தி அனுப்பினாள். அன்று வந்த நாற்பது செய்திகளோடு அதற்கும் ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிட்டு அவன் அடுத்த வேலைக்குப் போய்விட்டான்.

மூன்றாம் செவ்வாய் நடந்தது இதுதான். சுவர்ப் பலகைகள் ஏற்றிய லாரி சந்துக்குள் பின்னோக்கி வந்துகொண்டிருந்தபோது மாண்டியின் முதுகுக்குப் பின்னால் கூடத்தின் கதவு திறந்தது. எட்டுப் பேர் வெளியே வந்தார்கள். அவர்களைத் தடுக்க அவள் திரும்பி இரண்டடி நகர்ந்தாள். கைகாட்டுபவர் கண்ணாடியில் தெரியாவிட்டால் ஓட்டுநர் அந்த நொடியே நிறுத்த வேண்டும். அவர் ஒரு கஜம் கழித்து நிறுத்தினார். அந்த ஒரு கஜத்தில் எண்பத்தொரு வயது ஐரீன் டட்டர்சாலின் நடைவண்டி நசுங்கியது. அந்தம்மா விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

கைகாட்டுபவர் தன் இடத்தை விட்டு நகர்ந்ததே காரணம் என்று முதல் அறிக்கை சொன்னது. மாண்டியை வீட்டுக்கு அனுப்பினார்கள். வியாழன் பத்து மணிக்கு விசாரணை. அதில் தப்பு அவள் தலையில் விழுந்தால் இனி எந்தத் தளத்திலும் அவளைச் சேர்க்க மாட்டார்கள். டேரன் அறிக்கையைப் படித்தான். படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தான்.

புதன் காலை மாண்டியே போன் பண்ணினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் டேரன். அந்தச் சந்துல உன் பூட்ஸ் ஒரு நாளாவது பட்டிருக்கா?"

டேரன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"அதானே பார்த்தேன். நாளைக்குப் பத்து மணி வரைக்கும் நீ பேசுவியான்னு பார்ப்பேன். அதுக்கு மேல உன் கட்டைவிரல் பேசும். என் போன்ல பத்திரமா இருக்கு."

மதியம் தள மேலாளர் ஃபியோனா அவன் கையில் பூங்கொத்தைக் கொடுத்து ஐரீன் வீட்டுக்கு அனுப்பினாள். போகிற வழியெல்லாம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். அந்தம்மா ஒற்றைக் கையால் கதவைத் திறந்தார். உட்காரவைத்தார். இன்னொரு கை மாவுக்கட்டில் இருக்க, இடக்கையாலேயே தேநீர் ஊற்றினார். பாதி சாசரில் கொட்டியது. அதற்கும் ஒரு ஸாரி.

"இடைஞ்சலா வந்து நின்னுட்டேன் கண்ணு. உங்க வேலையெல்லாம் கெட்டுப் போச்சாமே. மன்னிச்சுக்கோ."

"பரவாயில்லைங்க," என்றான் டேரன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. முகம் தீயாகக் காந்தியது. திரும்ப எடுத்துவிட வாய் திறந்தான். அதற்குள் பிஸ்கட் தட்டு நீண்டது, ஒன்றை எடுத்துக்கொண்டான். கோணல்மாணலான இடக்கை எழுத்தில் ஒரு அட்டை எழுதி வைத்திருந்தார், கைகாட்டின அந்தப் பெண்ணுக்கு. 'உனக்குத் தொந்தரவு கொடுத்ததற்கு வருந்துகிறேன்.' அதையும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். தெருமுனையில் நின்று பார்த்தால், கையில் பாதி பிஸ்கட் இன்னும் இருந்தது. இவ்வளவு கேவலமாக அவன் தன்னை ஒருநாளும் உணர்ந்ததில்லை.

வியாழன் ஒன்பது ஐம்பதுக்கு விசாரணை அறைக்குள் போனதும் அட்டையை மாண்டியின் முன்னால் மேசைமேல் வைத்தான். சந்தில் நான் ஒருநாளும் நடக்கவில்லை, மூன்று டிக்கும் பொய், மாண்டி முன்கூட்டியே சொன்னாள், நான் படிக்காமலே கட்டைவிரல் காட்டினேன் என்று ஒரே மூச்சில் சொன்னான். ஃபியோனா எழுதுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். ஐரீனுக்காகச் சொன்னானா, பத்து மணிக்குப் பயந்து சொன்னானா என்று அவனுக்கே தெரியவில்லை. மாண்டிக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கும். அட்டையை எடுத்துப் படித்துவிட்டு, தன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மாண்டி வேலைக்குத் திரும்பினாள். டேரனின் மேசையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். தளத்தில் வேலை முடியும் வரை எல்லா நாளும் வீதியில் நின்று ஆட்களை எண்ணி எழுது என்று அவனை அனுப்பினார்கள். செவ்வாய் ஒன்றரைக்கு லாரி எதுவும் இல்லாத சாப்பல் சந்தில் நின்றான். கதவு திறந்தது. முப்பத்தோரு பேர். கடைசியாகப் புது நடைவண்டியை ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு ஐரீன் வந்தார்.

டேரன் முன்னால் போய் நின்றான். அவர் வாய் திறக்குமுன் எல்லாவற்றையும் சொன்னான். சமையலறை மேசையை, ரொட்டியை, டிக்கை, எதையும் விடவில்லை. மன்னிப்பும் கேட்டான்.

பரவாயில்லை வரும் என்று காத்திருந்தான். ஐரீன் தன் மாவுக்கட்டைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார்.

"அப்போ அன்னிக்கு நான் ஸாரி சொன்னப்ப, நீ ஏன் பரவாயில்லைன்னு சொன்னே?"

அவன் பதில் சொல்லும்வரை அவர் அங்கேயே நின்றார். பின்னால் கூடத்தின் கதவைச் சாத்தினார்கள்.